நான் குடியை விட்ட கதை

நான் ஓய்வு பெற்ற அன்று டிப்போவில் ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். சால்வை, மாலை, கூடவே ஒரு சுவர்க்கடிகாரம். ஆயுள் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே ரத்தக்கொதிப்பு வாங்கியவனுக்கு இன்னொரு கடிகாரம்! அதுகூடப் பரவாயில்லை. கடைசியாகப் பேச வந்த இளவயது கண்டக்டர் ஒருவர் மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நம்ம கண்ட்ரோலர் அண்ணே ஒரு காலத்துல குடிக்கு அடிமையா இருந்து, மனசு வச்சு அதை விட்டு, இன்னைக்கு நம்ம எல்லாருக்கும் ஒரு முன்னுதாரணமா..." என்று ஆரம்பித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தைரியம் போதாது.

வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றக்கூட விடவில்லை. "எப்பங்க குடிச்சீங்க? எனக்குத் தெரியாம எப்பக் குடிச்சீங்க?" என்று பிடித்துக்கொண்டாள்.

என் வாயில் இன்றுவரை ஒரு சொட்டு பட்டதில்லை. வெற்றிலை பாக்குகூடக் கிடையாது. அந்தப் பெயரை நானேதான் வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். மறுத்துப் பேச முடியாத காரணத்தால் மறுக்காமலே இருந்தேன். இப்போது என்னவென்றால், டிப்போவில் என் நாற்காலியில் உட்கார்ந்து டூட்டி போடும் தம்பிகள் எனக்கு போன் செய்கிறார்கள். "அண்ணே, நம்ம டிரைவர் ஒருத்தனுக்கு வேணும். நீங்க எங்க போய் விட்டீங்க? லொக்கேஷன் அனுப்புங்கண்ணே." நான் இடத்தைச் சொல்கிறேன். ஆனால் கூட்டம் நடக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது வேறு, அந்த வாசலைத் தாண்டுவது வேறு. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சம்பந்தப்பட்டவனைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கண்ணே, பேர மட்டும் மாத்திருங்க" என்றான். தவசி என்று வைத்துக்கொள்வோம்.

நான் நாகமலை புதுக்கோட்டைக்காரன். கண்டக்டராக வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி, டவுன் பஸ், திட்டு, மெமோ எல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான். பாதி சர்வீஸ் மதுரை - உசிலம்பட்டி ரூட்டில் கழிந்தது. சந்தை நாளில் ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் உண்டா கிடையாதா என்று சண்டை போட்டே என் தொண்டை கெட்டது. அந்த ரூட்டில்தான் தவசி எனக்கு டிரைவராக வந்தான். உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். என்னைவிட வயதில் நன்றாக இளையவன். அவன் பிரேக் போட்டால் பின்சீட்டில் தூங்கும் கைக்குழந்தை விழிக்காது. பள்ளத்தில் இறக்கும்போது பஸ்ஸுக்கு வலிக்குமோ என்று பார்த்து இறக்குவான். எங்கே கை காட்டினாலும் நிறுத்துவான். அந்த ரூட்டில் அவன் முகம் தெரியாத ஆளே கிடையாது.

எனக்கு மூட்டு போயிற்று. ஓடுகிற பஸ்ஸில் நிற்க முடியாததால் கண்ட்ரோலர் ஆக்கிவிட்டார்கள். எந்த பஸ்ஸுக்கு எந்த டிரைவர், யாருக்கு லீவு, வராதவனுக்கு மாற்று யார் என்று பார்ப்பது வேலை. எல்லாரிடமும் ஏச்சு வாங்குகிற உத்தியோகம். ஆனால் அந்த ஏச்சை எல்லாம் தாங்கிவிடலாம். தாங்க முடியாதது ஊதுகிற மிஷின்தான்.

குடித்திருக்கிறாரா என்று பார்க்க, வண்டி எடுக்கும் முன் டிரைவர் அதில் ஊத வேண்டும். அதற்கென்று எங்கள் டிப்போவில் ஒரு முறை வைத்திருந்தோம். வாயைக் கொப்பளித்துவிட்டு வர வேண்டும். புதுக் குழாயின் உறையை அவர் கண்முன்னால் நான் பிரிப்பேன். மாட்டுவேன். 'பீப்' நிற்கும்வரை ஒரே மூச்சாக ஊத வேண்டும். வரும் எண்ணை முதலில் அவருக்குக் காட்டுவேன், பிறகு வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கு. சைபர் வந்தால் சாவி. வேறு ஏதாவது வந்தால் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கொஞ்ச நேரம் உட்கார வைத்து, வேறு குழாய் மாட்டி, மறுபடி ஊதச் சொல்ல வேண்டும். முதல் ஊதலுக்கும் இரண்டாம் ஊதலுக்கும் நடுவில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான் பாருங்கள், அவன் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது. ஷெட்டில் அவன் பஸ் நின்றுகொண்டிருக்கும். கண்டக்டர் ஒன்றும் தெரியாததுபோல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். நான் மழை வருமா வராதா என்று செக்யூரிட்டியிடம் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எங்கள் மேனேஜர் ஒல்லியான மனிதர். விருதுநகர்ப் பக்கம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவரைக் கண்டு டிப்போவே நடுங்கும். காரணம் வேறு. "வாய்யா இங்க, என்னய்யா கிழிச்ச?" என்று அவர் திட்டினால் பயமில்லை, சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிடலாம். மரியாதை கூடக் கூடத்தான் ஆபத்து. "வாங்க" என்றால் மெமோ. "வாங்க ஐயா, உக்காருங்க" என்று நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார் என்றால், அவன் கதை முடிந்தது என்று வெளியே டீக்கடை வரைக்கும் தெரிந்துவிடும்.

அந்த வியாழக்கிழமை காலையில் தவசி ஊதினான். எண் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தான். மறுபடி ஊதினான். மறுபடியும் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் குடித்தது அப்படியே நின்றிருக்கிறது. அவனுக்கு இது இரண்டாவது தடவை. அதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் படுத்து, மாத்திரை சாப்பிட்டு, குலசாமி கோயிலில் கயிறு கட்டி, எல்லாம் செய்தாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் கொஞ்ச நாள் தொடாமல் ஒழுங்காக இருப்பான். அப்புறம் ஒரு சாயங்காலம் போய்விடுவான்.

மேனேஜர் ரூமுக்குக் கூட்டிப்போனேன்.

"வாங்க ஐயா, உக்காருங்க" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"போன தடவை எனக்கு என்ன சொன்னீங்க ஐயா?"

தவசி தலையைக் குனிந்தபடி நின்றான். உட்காரவில்லை.

"அதையே இப்பவும் சொல்லிராதீங்க. எனக்குக் கேக்கச் சங்கடமா இருக்கு. இன்னொரு தடவை ஊதி நம்பர் வந்துச்சுன்னா விஷயம் என் கையில இல்ல. ஸ்டியரிங்ல உங்கள உக்கார விட மாட்டாங்க. விடவும் கூடாது." சற்று நிறுத்தினார். "எங்க பெரியப்பா மகன் ஒருத்தர் இதே மாதிரி கிடந்து எந்திரிச்சவரு. குடிய விட்டவங்க ஒண்ணாக் கூடி உக்காந்து பேசுற கூட்டம் இருக்குதாம். இங்க பசுமலைல வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு ஸ்கூல்ல நடக்குதுன்னு சொன்னாரு. எந்த ஸ்கூல்னு அவருக்கே மறந்து போச்சு. இன்னைக்கு வியாழன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க கூட்டிட்டுப் போங்க. உக்கார வச்சிட்டு எனக்கு ஒரு போன் போடுங்க. ரெண்டு நாள் லீவுல இருக்கட்டும். அதுக்கப்புறம் வந்து ஊதட்டும்." என்னையும் 'நீங்க' என்றுவிட்டார். எனக்கும் சேர்த்து உதறல் எடுத்தது.

அன்று பகல் முழுக்க தவசி டிப்போவின் ஓய்வு அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நான் வேலையையும் பார்த்து, நடுநடுவே போய் அவன் இருக்கிறானா என்றும் எட்டிப் பார்த்தேன். என் போனில் தேடினேன். ஒரு நம்பர் கிடைத்தது. அடித்தால் உபயோகத்தில் இல்லை என்றது. அவன் மனைவி பாண்டியம்மா அதற்குள் எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டாள். "அண்ணே, பொழுது சாஞ்சுச்சுன்னா அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிரும்ணே. அதுக்கு மேல யாரு சொல்லும் காதுல ஏறாது. அதுக்கு முன்னாடி எப்படியாச்சும் உக்கார வச்சிருங்கண்ணே." நான் "ஆகட்டும்மா, ஆகட்டும்மா" என்றேன். எங்கே உட்கார வைப்பது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் போனால் எல்லா பஸ்ஸிலும் எங்கள் ஆட்கள். அதனால் என் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மதுரையில் எந்த ஸ்டாப்பிங்குக்கு அடுத்து எந்த ஸ்டாப்பிங் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திமிர் பழங்காநத்தம் தாண்டும்வரை இருந்தது. பசுமலைக்குப் போய் 'ஒரு ஸ்கூல்' என்று தேடுவது, உசிலம்பட்டிச் சந்தைக்குள் போய் 'ஒரு மாடு' என்று தேடுவது மாதிரி. திரும்பிய பக்கமெல்லாம் பள்ளிக்கூடமும் காலேஜும்தான்.

முதல் கேட்டில் வாட்ச்மேனைக் கேட்டேன். "இங்க வியாழக்கிழமை ஒரு கூட்டம் நடக்குமாமே?"

"என்ன கூட்டம்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பின்னால் தவசி நிற்கிறான். என்ன கூட்டம் என்று எப்படிச் சொல்ல? "ஒரு... கூட்டம். பெரியவங்க கூட்டம்."

"பேரன்ட்ஸ் மீட்டிங்கா? அது சனிக்கிழமைல்ல. பழைய ஸ்டூடன்ட்டா நீங்க?"

"ஆமா" என்று சொல்லித் தொலைத்தேன்.

"எந்த வருசம்?"

வண்டியைத் திருப்பினேன். இரண்டாவது கேட்டில் பூட்டு. மூன்றாவது இடத்தில், ஒரு டியூஷன் கட்டடத்தின் மாடியில் வெளிச்சம் தெரிந்தது. படிக்கட்டில் நிறையச் செருப்புகள். வாசலில் ஒரு பேனர்: 'புதிய வாழ்க்கைக்கு வருக'. எனக்கு உயிர் வந்தது. "டே, இதாண்டா" என்று அவன் தோளில் தட்டி மேலே கூட்டிப்போனேன்.

ஒரு பெண் சிரித்த முகமாகக் காபி கொடுத்து உட்கார வைத்தாள். முன்னால் டை கட்டிய ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். "இங்க இருக்கற எல்லாருமே ஒரு காலத்துல கஷ்டத்துல கிடந்தவங்கதான். நானும் முதல் நாள் உங்கள மாதிரி கடைசி வரிசைலதான் உக்காந்தேன். சொந்தக்காரங்க மதிக்கல. எம் பொண்டாட்டி மதிக்கல. என்னை நானே மதிக்கல..." நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். தவசியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவன் அழுது நான் பார்த்ததே கிடையாது. அவன் அப்பா செத்த அன்றுகூட அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான். கடவுளே, கொண்டுவந்து சேர்த்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது அந்த டை கட்டியவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "அந்த வாழ்க்கைய மாத்துனது இதுதாங்க! காலையில ஒரு ஸ்பூன், சாயங்காலம் ஒரு ஸ்பூன். நீங்க சாப்பிடுங்க, இன்னும் நாலு பேரச் சேத்து விடுங்க!"

தவசி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதில் கேட்டான், "அண்ணே, அது என்ன மருந்துண்ணே?"

"சத்து மாவுடா. எந்திரி."

கீழே வந்து வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் அழுதுட்டேண்ணே" என்றான். "சத்து மாவு விக்கிறவன் முன்னால உக்காந்து அழுதுட்டேன். போதும்ணே. வீட்டுக்குப் போவோம். எனக்கு இதெல்லாம் ஒத்து வராது." வேறு நேரமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. வெயில் இறங்கிவிட்டது. அவன் விரல்கள் பேன்ட்டின் மேல் தாளம் போட ஆரம்பித்திருந்தன.

மெயின் ரோட்டில் சரக்குக் கடை. வாசலில் கூட்டம். அந்தக் கடைக்கு மட்டும் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, பின்னாலிருந்து குரல்: "அண்ணே, வண்டிய ஓரமா நிறுத்துங்க. ஒண்ணுக்கு வருது."

"அடக்குடா."

"அண்ணே, நெசமாத்தாண்ணே."

"நெசமா இருந்தாலும் அடக்கு."

நிறுத்தவில்லை. என் தோளைப் பிடித்திருந்த அவன் கை நடுங்குவது என் சட்டைக்குள் தெரிந்தது. அடுத்த சிக்னலில் நின்றால் இறங்கிப் போய்விடுவானோ என்று எனக்குப் பயம். இறங்கினால் இந்த மூட்டோடு நான் ஓடிப் பிடிக்கவா முடியும்? பாக்கெட்டில் போன் அடித்தது. எடுக்காமலே பாண்டியம்மாதான் என்று தெரிந்தது. எடுத்து என்ன சொல்வது?

சந்து முனையில் ஒரு டீக்கடை இருந்தது. இனிமேல் வெட்கப்பட்டால் ஆகாது, டீ மாஸ்டரிடம் காதோடு காதாகக் கேட்டுவிடுவோம் என்று நிறுத்தினேன். தவசி முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டிப் பக்கமே நின்றான். நான் கல்லாப் பக்கம் குனிந்து, "தம்பி, இந்தக் குடிய விடுறவங்க கூடுவாங்களாமே, அது எந்தப் பக்கம்?" என்றேன்.

பாய்லர் சத்தத்தில் அந்த மனுஷன் காதில் சரியாக விழவில்லை. விழுந்ததும் ஊருக்கே கேட்கிற மாதிரி, "குடிகாரங்க கூட்டமா? இந்தச் சந்துலதான். யாருக்குண்ணே?" என்றான்.

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அதிலிருந்து ஒருவர் எழுந்து, "அட, நம்ம டிரைவரண்ணே!" என்றார். உசிலம்பட்டி ரூட்டில் வருகிற ஆள். எனக்கே முகம் தெரியும். பால் வியாபாரம். "எங்கண்ணே இந்தப் பக்கம்?" என்று தவசியைப் பார்த்துக் கேட்டார். தவசியின் முகத்தில் ரத்தமே இல்லை. டீ மாஸ்டர் விடாமல், "யாருக்குண்ணே, அவருக்கா?" என்று கையை நீட்டி அவனைக் காட்டினான்.

"எனக்குத்தான்யா" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. பால்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களாண்ணே? கண்டக்டரா இருக்கைல வெத்தலகூடப் போட மாட்டீகளே!"

"இப்பப் பழகிருச்சு" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் உசிலம்பட்டி போய், செக்கானூரணி வழியாகத் திரும்பி, டிப்போவுக்கு வந்து, கடைசியில் மைக் முன்னால் நின்றது.

பெஞ்சின் கோடியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "வாங்க. நானும் அங்கதான் போறேன்." தவசியிடம், "நீங்க கூட வந்தவரா? வண்டிகிட்ட இருங்க. உள்ள குடிப் பிரச்சினை உள்ளவங்க மட்டும்தான் உக்காரணும். முடிஞ்சதும் அவர அனுப்பி வைக்கிறோம்" என்றார்.

தவசி தலையாட்டினான். பால்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார். அங்கே வைத்து என்ன சொல்ல முடியும்? சந்துக்குள் போனதும் இவரிடம் உண்மையைச் சொல்லி, பால்காரர் போனபிறகு தவசியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நடந்தேன்.

சின்னப் பள்ளிக்கூடம். போர்டு கீர்டு எதுவும் இல்லை. ஒரே ஒரு வகுப்பறையில் மட்டும் விளக்கு. வட்டமாக நாற்காலிகள். லுங்கி கட்டியவர், கோட்டு போட்டவர், கல்லூரிப் பையன்போல் ஒருவர். யாரும் பேர் ஊர் கேட்கவில்லை. வாசலிலேயே வெள்ளைச் சட்டைக்காரரிடம் சொன்னேன்: "ஐயா, ஒரு விஷயம். நான் குடிக்கிறவன் இல்ல."

அவர் சிரித்தார். ரொம்ப அன்பான சிரிப்பு. "முதல் நாள் நானும் அதத்தான் சொன்னேன்."

"இல்ல ஐயா, நெசமாவே நான் குடிச்சது கிடையாது."

"சரிண்ணே. உக்காருங்க."

"வெளிய நிக்கிறவன்தான்..."

"அவரு எங்கயும் போக மாட்டாரு. மத்தவங்க கதைய விடுங்க. இப்ப உங்களப் பாப்போம்." வட்டத்தில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். எல்லாருக்கும் என் நிலைமை புரிந்துவிட்டது! என்ன கொடுமை பாருங்கள். குடிக்காதவன் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் குடிகாரர்கள் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை மிச்சம் வைக்கவில்லை.

உட்கார்ந்தேன். ஒருவர் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். என் காதில் எதுவும் விழவில்லை. ஜன்னல் கம்பி வழியாகச் சந்து முனை தெரிந்தது. என் வண்டி தெரிந்தது. பக்கத்தில் தவசியும் பால்காரரும். கொஞ்சம் கழித்துப் பார்த்தேன். வண்டி மட்டும் நின்றது.

எனக்கு நெஞ்சு அடித்த அடியில் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். கடை எவ்வளவு தூரம்? நடந்தால் ஒரு பீடி குடிக்கும் நேரம். இந்நேரம் போயிருப்பான். நானே கொண்டுவந்து கடை வாசலில் இறக்கிவிட்ட மாதிரி ஆகிவிட்டதே! அவன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அவன் உட்கார வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேனே! விருட்டென்று எழுந்தேன். வெள்ளைச் சட்டைக்காரர் என் தோளில் கை வைத்தார். "அண்ணே, எந்திரிச்சு ஓடணும்னு தோணும். கொஞ்ச நேரம் மட்டும் பொறுத்துக்கங்க."

"யோவ், கையை எடுய்யா!" என்று கத்தியே விட்டேன்.

"அவர விடுங்க."

வாசலில் தவசி நின்றான். செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தான். கதவு நிலையை ஒரு கையால் பிடித்திருந்தான்.

"அவரு குடிக்க மாட்டாரு. பச்சத் தண்ணி தவிர ஒண்ணும் குடிக்க மாட்டாரு. எனக்காகச் சொன்னாரு. குடிக்கிறவன் நாந்தான்."

அவனே தொடர்ந்தான். "வெளிய ஒருத்தரு அண்ணனப் பத்தி அசிங்கமாப் பேசுனாரு. இம்புட்டு நாளா யோக்கியன் மாதிரி இருந்தாரே, இவர நம்பியா டிப்போவ விட்டுருக்காங்கன்னாரு. சரி, பேசட்டும்னு நின்னேன். அதோட விடல. 'எம் மக காலேஜ் போறா. டிரைவர் யாருன்னு பாத்துட்டுத்தான் அவள பஸ்ல ஏத்தி விடுவேன். நீங்கன்னா கண்ண மூடிக்கிட்டு ஏத்திருவேண்ணே' அப்படின்னாரு. எங்கிட்டச் சொல்றாரு. இன்னைக்குக் காலைல நான் ஊதாம இருந்திருந்தா அந்தப் புள்ள எம் பஸ்லதான் இருந்திருக்கும்." மூச்சு வாங்கியது. "அவரு பஸ் ஏறிப் போனதும் என் காலு கடைப் பக்கம்தான் திரும்புச்சு. பொய் சொல்லல. அங்கிட்டுத்தான் திரும்புச்சு. அண்ணே உள்ள இருக்காரேன்னு வந்தேன்."

வெள்ளைச் சட்டைக்காரர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். நான் நாற்காலியை விட்டு நகர்ந்தேன். தவசி வந்து அதில் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த லுங்கிக்காரர் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். அவன் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். பாதி சட்டையில் சிந்தியது. அதை யாரும் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அங்கே இருந்த எல்லாருக்கும் அப்படிச் சிந்திப் பழக்கம் இருந்திருக்க வேண்டும்.

நான் அவன் பின்னாலேயே நின்றேன். வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து வந்து மெதுவாக, "அண்ணே, தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க வெளிய இருக்கணும்" என்றார்.

"இல்ல, அவன் எந்திரிச்சுப் போயிருவான். நான் பக்கத்துல இருந்தா..."

"எந்திரிச்சா நாங்க பாத்துக்கிறோம். எங்களுக்கு அது தெரியும்ணே."

வெளியே வந்தேன். கதவைச் சாத்திவிட்டார்கள். பள்ளிக்கூடக் குழாயடியில் ஒரு சிமெண்டுத் திட்டு இருந்தது, அதில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து பேச்சுக் குரல் வந்தது, யார் குரல் என்று பிரித்தறிய முடியவில்லை. கதவையே பார்த்தேன். ஒவ்வொரு தடவை நாற்காலி இழுபடும்போதும் அவன்தான் எழுந்துவிட்டானோ என்று எனக்குத் தூக்கிப் போட்டது. மேனேஜருக்குச் சொல்ல வேண்டும். போனை எடுத்தேன். அதற்குள் அதுவே அடித்தது.

"அண்ணே..." பாண்டியம்மா அதற்கு மேல் கேட்கப் பயந்தாள்.

"உக்காந்துட்டாம்மா. உள்ளதான் இருக்கான்."

"நீங்க பக்கத்துல இருக்கீகளாண்ணே?"

"நான் வெளிய இருக்கேன். என்னைய உள்ள விடல. அவன் தனியா உக்காந்திருக்கான்."

"பாதில வந்துருவாராண்ணே?"

"தெரியலம்மா" என்றேன். பொய் சொல்ல மனசு வரவில்லை. "இப்ப வரைக்கும் வரல."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது.

"என்னம்மா பண்ற?"

"இல்லண்ணே. ராத்திரிக்கு எனக்கும் புள்ளைகளுக்கும் மட்டுந்தான் அரிசி போடுவேன். அவரு வந்து எங்க சாப்பிடப் போறாரு, விழுந்து கிடப்பாரு. ரொம்ப நாளா அப்படித்தான்." மூக்கை உறிஞ்சினாள். "பெரிய பானை பரண்ல கிடக்கு. அத எடுக்கிறேன். இன்னைக்கு அவருக்கும் சேத்து ஒல வைக்கட்டுமாண்ணே?"

அந்தச் சாத்திய கதவைப் பார்த்தேன். உள்ளே யாரோ இருமினார்கள். கதவு திறக்கவில்லை.

"வைம்மா" என்றேன்.